கேட்காத கணக்கு

எங்கள் நங்கநல்லூர்ப் பக்கத்தில் ஓய்வு பெற்றவர்கள் பலருக்கு வாடகை என்பது உபரி வருமானம் அல்ல. வருமானமே அதுதான். அரசு வேலையில் இருந்தவர்களுக்கு ஓய்வூதியம் வந்துவிடுகிறது. தனியார் கம்பெனியிலும் தனியார் பள்ளியிலும் உழைத்தவர்களுக்கு வருங்கால வைப்பு நிதியிலிருந்து வரும் தொகை பால் கணக்குக்கும் பேப்பர் காசுக்கும் போதுமானால் பெரிய விஷயம். இருபது வருஷத்துக்கு முன்னால் கடன் வாங்கிப் பெருங்குடியிலோ பள்ளிக்கரணையிலோ மேடவாக்கத்திலோ வாங்கிப்போட்ட சின்ன ஃபிளாட்தான் அவர்களுக்குச் சோறு போடுகிறது. அதில் மாதம் மூவாயிரம் ரூபாய் குறைந்தால், குறைவது சர்க்கரை மாத்திரையும் ரத்தப் பரிசோதனையும்தான்.

முன்பெல்லாம் வீட்டுப் புரோக்கர் வேலை மிகவும் எளிமையானது. வாசலில் டு-லெட் போர்டு தொங்கும். புரோக்கர் ஆளைக் கூட்டிக்கொண்டு வருவார். வீடு பிடித்துப்போனால் குடிவருகிறவரிடம் ஒரு மாத வாடகை வாங்கிக்கொள்வார். சில சமயம் வீட்டுக்காரரிடமும் பாதி மாதம் கேட்பார். வாங்கிக்கொண்டு போனால் அடுத்த ஆள் மாறும்போதுதான் அவர் முகத்தைப் பார்ப்போம். இப்போது அப்படி இல்லை. படியேற முடியாத நமக்காக, அமெரிக்காவிலும் பெங்களூரிலும் இருக்கும் நம் பிள்ளைகளுக்காக, எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் ஏஜெண்டுகள் வந்துவிட்டார்கள். ஆள் பிடிப்பது, ஒப்பந்தம் போடுவது, வாடகை வசூலிப்பது, குழாய் ரிப்பேர் பார்ப்பது எல்லாம் அவர்கள் பொறுப்பு. மாதா மாதம் வாடகையில் இத்தனை சதவீதம் அவர்களுக்கு.

இந்த ஏற்பாட்டில் தவறில்லை. நேர்மையாகச் செய்கிறவர்களை எனக்குத் தெரியும். ராத்திரி பதினோரு மணிக்கு மோட்டார் ஓடவில்லை என்று போன் வந்தால் போய்ப் பார்க்கிற மனிதருக்குக் கூலி கொடுக்கத்தான் வேண்டும். நான் சொல்ல வந்தது, பேசிய கூலிக்கு மேல் சத்தமில்லாமல் போகிற பணத்தைப் பற்றி.

ஏஜி ஆபீசில் தணிக்கை வேலை பார்த்தவன் என்பதால் தெருவில் பலர் தங்கள் கணக்கு வழக்குகளை என்னிடம் கொண்டுவருவது வழக்கம். வருமான வரிப் படிவம், வங்கி வட்டி, இப்போது சில வருஷங்களாக இந்த ஏஜெண்டுகள் அனுப்பும் வாடகைக் கணக்கு. அதில் ஒன்றை மட்டும் இங்கே சொல்கிறேன். சம்பந்தப்பட்டவரிடம் அனுமதி வாங்கிவிட்டேன். பெயர் மட்டும் வேண்டாம் என்றார்.

தெருவில் எல்லாரும் அவரை டீச்சர் என்றுதான் கூப்பிடுவோம். தனியார் பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுத்தவர். கணவர் போய் ஆறு வருஷம் ஆகிறது. பள்ளிக்கரணையில் ஒரு ஃபிளாட். வாடகை 24,000 ரூபாய். ஏஜெண்ட் 8 சதவீதம் எடுத்துக்கொண்டு மிச்சத்தை வங்கியில் போட்டுவிடுவார் என்று ஏற்பாடு. 8 சதவீதம் என்றால் 1,920 ரூபாய். டீச்சர் கணக்கில் மாதம் 22,080 ரூபாய் விழ வேண்டும். ஆனால் ஒரு மாதம் 21,700 வரும், ஒரு மாதம் 17,000 வரும், ஒரு மாதம் 9,000 வரும். கேட்டால் வாட்ஸ்அப்பில் ஒரு கணக்குத் தாள் வரும்.

ஒரு ஜனவரி மாதம் டீச்சருக்கு ஒரு போன் வந்தது. பேசியவர் ஃபிளாட்டில் குடியிருக்கும் பையன். வீட்டு வாடகைப் படிக்கு வரி விலக்குக் கேட்க, வருஷ வாடகை ஒரு லட்சத்துக்கு மேல் இருந்தால் வீட்டுக்காரரின் பான் எண்ணை அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். ஏஜெண்டிடம் பல தடவை கேட்டும் கிடைக்காததால், குடியிருப்போர் சங்கச் செயலாளரிடம் டீச்சரின் நம்பரை வாங்கிப் பேசியிருக்கிறார். "ஆன்ட்டி, பான் நம்பரும் 26,500-க்கு ரசீதும் வேணும்" என்றாராம்.

"இருபத்தி நாலாயிரம்தானேப்பா?" என்று டீச்சர் கேட்டிருக்கிறார்.

"இல்ல ஆன்ட்டி, மே மாசத்துலேர்ந்து இருபத்தாறு ஐநூறு. அக்ரிமென்ட் புதுப்பிச்சப்ப ஏத்திட்டாங்களே."

டீச்சர் அன்று மாலையே ஒரு பிளாஸ்டிக் உறையில் எல்லாத் தாள்களையும் போட்டு எடுத்துக்கொண்டு வந்தார். மே மாதம் ஒப்பந்தத்தைப் புதுப்பித்தபோது ஏஜெண்ட் அவரிடம் சொன்னது வேறு. "வாடகை ஏத்தக் கேட்டேன்மா, அவங்க ஒத்துக்கல. ஆள் போயிட்டா ரெண்டு மாசம் காலியா கிடக்கும். அதனால பழைய வாடகைக்கே புதுப்பிச்சிட்டேன்." அந்தப் புதுப்பித்தலுக்கு அரை மாத வாடகை, 12,000 ரூபாய், டீச்சரிடமே கட்டணமாகவும் எடுத்திருந்தார்.

நான் அந்த வருஷத்தின் பன்னிரண்டு தாள்களையும் வரிசையாக வைத்துக் கூட்டினேன். மாதக் கட்டணம் 23,040. அதன் மேல் ஜி.எஸ்.டி. என்று 4,147. புதுப்பித்தல் கட்டணம் 12,000. பத்திரச் செலவு என்று 3,500. வீட்டைப் போய்ப் பார்த்ததற்கு ஒரு தடவைக்கு 500 வீதம் நான்கு தடவை, 2,000. ரிப்பேர் 14,600. ஆக மொத்தம் 59,287 ரூபாய். காட்டிய வாடகை 2,88,000. பேசியது 8 சதவீதம், பிடித்தது 20 சதவீதத்துக்கும் மேல். மே முதல் டிசம்பர் வரை காட்டாமல் விட்ட மாதம் 2,500 ரூபாயையும் சேர்த்தால் இன்னொரு 20,000. உண்மையில் வீடு சம்பாதித்தது 3,08,000. அதில் 79,287 ரூபாய் வழியிலேயே நின்றுவிட்டது. கால் பங்குக்கும் மேல்.

ரிப்பேர்க் கணக்கில் ஏ.சி. சர்வீஸ் 3,000 ரூபாய் என்று ஒரு வரி இருந்தது. டீச்சர் அந்த வீட்டில் ஏ.சி. வைக்கவே இல்லை. குடியிருப்பவரைக் கேட்டோம். ஏ.சி. அவருடையது, சர்வீசுக்கும் அவரே பணம் கொடுத்திருக்கிறார்.

கணக்கு டீச்சர் கணக்கைப் பார்க்காமல் எப்படி விட்டார் என்று உங்களுக்குத் தோன்றலாம். அவர் பார்த்தார். ஒவ்வொரு மாதமும் பார்த்தார். கேட்கவில்லை. "மூணு வருஷமா வீட்டுக்கு வந்து போற பிள்ளை சார். தீபாவளிக்கு ஸ்வீட் கொண்டுவந்து குடுக்கும். கணவர் போனப்ப ஆஸ்பத்திரியில சாட்சிக் கையெழுத்துப் போட்டவனே அவன்தான். அவன்கிட்ட போய் பில்லைக் காட்டுன்னு எப்படிக் கேக்கறது?" என்றார். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. நம் தலைமுறைக்கு இருக்கிற வியாதி இது. முகத்துக்கு நேரே கணக்குக் கேட்டால் சந்தேகப்படுவதாக ஆகிவிடுமோ என்ற தாட்சண்யம். மறைமுகக் கட்டணங்கள் எல்லாம் அந்த தாட்சண்யத்தில்தான் குடித்தனம் நடத்துகின்றன.

அவருக்காக நான் ஒரு கடிதம் எழுதிக்கொடுத்தேன். அதில் குற்றச்சாட்டு ஒன்றுகூட இல்லை. குடியிருப்பவரோடு போட்ட ஒப்பந்தத்தின் நகல், வாடகை வந்த வங்கிப் பதிவுகள், ஒவ்வொரு ரிப்பேருக்கும் பில், ஜி.எஸ்.டி. பதிவு எண் என்று நான்கே கேள்விகள். கடைசியில் ஒரு வரி: இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 213-ன்படி கணக்குக் கேட்கிறேன். அந்தப் பிரிவு சொல்வது ரொம்ப எளிது. முதலாளி கேட்டால் முகவர் முறையான கணக்கைக் கொடுத்தாக வேண்டும். அதே சட்டத்தின் 217-ஆம் பிரிவு, முகவர் தனக்கு நியாயமாக வர வேண்டிய கூலியையும் செலவையும் பிடித்துக்கொள்ளலாம் என்கிறது. 218-ஆம் பிரிவு, அது போக வசூலித்த மீதி அத்தனையையும் முதலாளியிடம் ஒப்படைக்க வேண்டும் என்கிறது. 150 வருஷத்துக்கு மேலாக இந்தச் சட்டம் இருக்கிறது. கேட்கிறவர்கள்தான் குறைவு.

கடிதம் ஸ்பீடு போஸ்ட்டில் போனது. பத்து நாளில் ஏஜெண்ட் நேரிலேயே வந்தார். "ஆபீஸ் பையன் எண்ட்ரி போடறதுல தப்புப் பண்ணிட்டான்மா" என்றார். டீச்சர் ஒன்றும் சொல்லவில்லை, காபி கொடுத்தார். வாடகை வித்தியாசம் 20,000, ஏ.சி. சர்வீஸ் 3,000, ஜி.எஸ்.டி. என்று பிடித்த 4,147, மூன்றும் இரண்டு தவணையில் வங்கிக்குத் திரும்பி வந்தன. ஜி.எஸ்.டி. எண் கேட்டோமே, அது மட்டும் கடைசி வரை வரவில்லை. மற்ற ரிப்பேர்களுக்கு பில் காட்டினார், நாங்களும் ஒத்துக்கொண்டோம்.

ஆனால் புதுப்பித்தல் கட்டணம், பத்திரச் செலவு, பார்வையிட்ட கட்டணம் ஆகிய 17,500 ரூபாய் திரும்பவில்லை. ஏனென்றால் டீச்சர் கையெழுத்துப் போட்ட நான்கு பக்க ஆங்கில ஒப்பந்தத்தில் அவை மூன்றும் இருந்தன. மூன்றாம் பக்கத்தில், பொடி எழுத்தில்.

இந்த விவகாரத்திலிருந்து நான் புரிந்துகொண்டது இதுதான். மறைமுகக் கட்டணம் இரண்டு வகை. கணக்கில் ஒளிந்திருப்பது ஒன்று, ஒப்பந்தத்தில் ஒளிந்திருப்பது இன்னொன்று. கணக்கில் ஒளிந்திருப்பது எப்போது கேட்டாலும் வெளியே வரும். ஒப்பந்தத்தில் ஒளிந்திருப்பது கையெழுத்துக்கு முன்னால் கேட்டால்தான் வரும். பிறகு கேட்டால், "நீங்களே ஒத்துக்கிட்டதுதானே" என்ற பதில்தான் கிடைக்கும்.

இது நம் ஊர்ச் சங்கதி மட்டுமல்ல. லண்டனில் ஃபாக்ஸ்டன்ஸ் என்ற பெரிய வீட்டு ஏஜென்சி, குடியிருப்பவர் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் ஒவ்வொரு தடவையும் வீட்டுக்காரரிடம் கமிஷன் வாங்கும்படி ஒப்பந்தம் போட்டிருந்தது. அதற்கென்று ஏஜென்சி புதிதாக வேலை ஒன்றும் செய்யாவிட்டாலும் கமிஷன் உண்டு. அந்த நாட்டின் நியாய வணிக அலுவலகம் இதை உயர் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனது. 2009-ல் தீர்ப்பு வந்தது. இவ்வளவு முக்கியமான கட்டணத்தைப் பொடி எழுத்தில் புதைத்து வைப்பது, சாதாரண வீட்டுக்காரர்களுக்கு நியாயமான நிபந்தனை ஆகாது என்று நீதிபதி சொல்லிவிட்டார். அங்கே ஒரு அரசு அமைப்பே வழக்குப் போட்டது. இங்கே நம் கண்ணாடியை நாமே துடைத்துப் போட்டுக்கொண்டு படிக்க வேண்டும்.

வீடு விற்கிற ஏஜெண்டுகளுக்கு ரேரா பதிவு என்று ஒன்று இருக்கிறது. அது விற்பனைக்குத்தான். வாடகைக்கு ஆள் பிடிக்கிறவருக்கு அது பொருந்தாது. அதனால் ஏஜெண்டோடு நீங்கள் போடுகிற ஒப்பந்தம்தான் உங்களுக்கு முதல் பாதுகாப்பு. அதில் நான் பார்க்கச் சொல்கிற இடங்கள் இவை.

முதலில், சதவீதம் எதன் மேல் என்று கேளுங்கள். வாடகையின் மேலா, வாடகையும் மெயின்டனன்ஸும் சேர்ந்த தொகையின் மேலா? மெயின்டனன்ஸ் சங்கத்துக்குப் போகிற பணம். அதற்கு ஏஜெண்டுக்குக் கமிஷன் கொடுக்கக் காரணம் இல்லை. வீடு காலியாக இருக்கும் மாதங்களில் குறைந்தபட்சக் கட்டணம் என்று ஏதாவது உண்டா என்பதையும் கேளுங்கள். ஆள் பிடித்ததற்குக் குடிவருகிறவரிடமும் பணம் வாங்குகிறாரா என்றும் கேளுங்கள். இரண்டு பக்கமும் வாங்குவது நம் ஊரில் வழக்கம்தான். ஆனால் இரண்டு பக்கத்துக்கும் அது தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்தது புதுப்பித்தல். நம் ஊரில் 11 மாத ஒப்பந்தம் என்பது பழைய பழக்கம். ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவுச் சட்டப்படி பதிவு செய்ய வேண்டும் என்பதால் வந்த வழக்கம் அது. ஏஜெண்டுக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. 11 மாதத்துக்கு ஒரு தடவை புதுப்பித்தல் கட்டணம் வரும். அதே ஆள் தொடர்ந்தால் கட்டணம் கிடையாது, அல்லது ஒரு சிறிய குறிப்பிட்ட தொகை மட்டும் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். புதுப்பித்த ஒப்பந்தத்தில் நீங்களே கையெழுத்துப் போடுங்கள். டீச்சருக்காக ஏஜெண்டே கையெழுத்துப் போட்டதால்தான் 26,500 என்ற எண் அவர் கண்ணில் படவே இல்லை.

மூன்றாவது ரிப்பேர். ஒரு வரம்பு வையுங்கள். 1,000 ரூபாய் வரை அவரே செய்யலாம், அதற்கு மேல் போன் செய்து கேட்க வேண்டும் என்று. வேலைக்கு முன்னால் ஒரு போட்டோ, பின்னால் ஒரு போட்டோ, கடை பில், பிளம்பரின் போன் நம்பர், இவ்வளவும் இருந்தால் போதும். வேலை பார்த்தவருக்கு யு.பி.ஐ.யில் நீங்களே நேராகப் பணம் அனுப்புவது இன்னும் நல்லது. இதைப் பற்றிச் சந்தேகம் வந்தால் குடியிருப்பவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். வீட்டுக்குள் யார் வந்து என்ன செய்தார்கள் என்று அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் இல்லை.

நான்காவது அட்வான்ஸ். இதுதான் பெரிய தொகை. ஒரு காலத்தில் சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் சர்வ சாதாரணம். 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கும் தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், வேறு விதமாக ஒப்பந்தம் இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது. எவ்வளவாக இருந்தாலும் அது உங்கள் வங்கிக் கணக்கில் இருக்க வேண்டும். ஏஜெண்ட் கையில் இருந்தால், காலி செய்யும்போது நடக்கிற கூத்து ஒன்று உண்டு. பெயிண்டிங்குக்கு என்று குடியிருந்தவரின் அட்வான்ஸில் ஒரு தொகை கழிப்பார்கள். அதே பெயிண்டிங்குக்கு வீட்டுக்காரருக்கும் பில் வரும். இரண்டு பேரும் பேசிக்கொள்ளாத வரை இது வெளியே தெரியாது.

ஐந்தாவது ஜி.எஸ்.டி. வருஷ வருமானம் 20 லட்சம் ரூபாய்க்குள் இருக்கிற சேவைத் தொழில்காரர் ஜி.எஸ்.டி. பதிவு செய்ய வேண்டிய கட்டாயம் இல்லை. பதிவு செய்யாதவர் ஜி.எஸ்.டி. வசூலிக்கவும் கூடாது. பதிவு செய்தவர் பில்லில் 15 இலக்க எண்ணைப் போட வேண்டும். தமிழ்நாட்டுப் பதிவு என்றால் அது 33 என்று தொடங்கும். அந்த எண்ணை ஜி.எஸ்.டி. இணையதளத்தில் தட்டிப் பார்த்தால் யாருடையது என்று வந்துவிடும். எண் இல்லாமல் 18 சதவீதம் கேட்டால் அது வரி அல்ல, இன்னொரு கமிஷன்.

ஆறாவது, அரசாங்கத்துக்குக் கட்டுகிற பணம். அதே 2019 முதலான சட்டப்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகார அமைப்பிடம் பதிவும் செய்ய வேண்டும். பத்திரச் செலவு, பதிவுச் செலவு என்று மொத்தமாக ஒரு தொகை சொன்னால், அதில் அரசுக்குப் போனது எவ்வளவு, உழைப்புக்கு எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள். அரசு ரசீதுக்கு உரியதைக் கொடுங்கள். சொத்து வரியை ஏஜெண்ட் கட்டுகிறார் என்றால் ரசீதை வாங்கிப் பாருங்கள். சென்னை மாநகராட்சியில் அரையாண்டின் முதல் மாதத்திலேயே சொத்து வரி கட்டுகிறவர்களுக்கு 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய் வரை, ஊக்கத்தொகை உண்டு. அந்தச் சலுகை உங்கள் கணக்கில் வந்ததா என்பதும் ரசீதில் தெரியும்.

ஏழாவது, விலகும் நிபந்தனை. ஏஜெண்ட் வேண்டாம் என்றால் எத்தனை நாள் நோட்டீஸ், என்ன கட்டணம்? அவர் கொண்டுவந்த ஆள் குடியிருக்கும் வரை கமிஷன் தொடரும் என்று எங்காவது எழுதியிருக்கிறதா? சாவியையும் மூல ஒப்பந்தத்தையும் எத்தனை நாளில் திருப்பித் தர வேண்டும்? கல்யாணம் பேசும்போது விவாகரத்தைப் பற்றிக் கேட்பது போலச் சங்கடமாகத்தான் இருக்கும். இருந்தாலும் கேளுங்கள்.

கடைசியாக, பொது அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுக்காதீர்கள். வாடகை வீட்டைப் பார்த்துக்கொள்ள அது தேவையே இல்லை. இன்னின்ன வேலைகளுக்கு, இத்தனை காலத்துக்கு என்று ஒரு பக்க அதிகாரக் கடிதம் போதும். வாடகைச் சட்டமும் சொத்து மேலாளர் என்ற பெயரில் இப்படிப்பட்டவர்களை அங்கீகரிக்கிறது. அவர் யார், எதற்காக நியமிக்கப்பட்டிருக்கிறார் என்பதைக் குடியிருப்பவருக்குத் தெரிவிக்கச் சொல்கிறது. அந்தக் கடிதத்தின் நகலைக் குடியிருப்பவரிடம் கொடுத்து, உங்கள் போன் நம்பரையும் கொடுத்துவிடுங்கள்.

வருமான வரியைப் பற்றியும் ஒரு வார்த்தை. டீச்சரைப் போலப் பலர், கையில் வந்த பணத்தை வாடகை என்று காட்டினால் போதும் என்று நினைக்கிறார்கள். இல்லை. குடியிருப்பவர் கொடுத்த முழு வாடகையும் நம் வருமானம். அதில் நாம் கட்டிய சொத்து வரி போக, மீதியில் 30 சதவீதம் கழிவு உண்டு. ரிப்பேர் செய்தாலும் செய்யாவிட்டாலும் அந்த 30 சதவீதம்தான். ஏஜெண்ட் கமிஷனைத் தனியாகக் கழிக்க முடியாது. ஆகவே ஏஜெண்ட் மறைத்து வைத்துக்கொண்ட வாடகையும் நம் பான் எண்ணில்தான் நிற்கும். அவர் சாப்பிட்ட பணத்துக்கு நாம் வரி கட்டுகிற நிலைமை.

வெளிநாட்டில் வசிக்கும் பிள்ளைகளின் பெயரில் வீடு இருக்கிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். உள்ளூர்க்காரருக்கு மாத வாடகை 50,000 ரூபாயைத் தாண்டினால்தான் குடியிருப்பவர் வரி பிடிக்க வேண்டும். வெளிநாட்டில் வசிப்பவருக்கு அந்த வரம்பு பொருந்தாது. சிறிய வாடகையிலும் பிடிக்க வேண்டும், அதுவும் 30 சதவீதமும் அதன் மேல் செஸ்ஸும். வரி பிடித்தோம் என்று ஏஜெண்ட் சொன்னால், பிள்ளையின் வருமான வரிக் கணக்கில் அந்தத் தொகை ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

இவ்வளவையும் நினைவில் வைத்துக்கொள்வது கஷ்டம் என்று தோன்றினால், ஒன்றே ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். வாடகையும் அட்வான்ஸும் குடியிருப்பவரிடமிருந்து நேராக உங்கள் வங்கிக் கணக்குக்கு வரட்டும். ஏஜெண்ட் மாத முடிவில் உங்களுக்கு பில் அனுப்பட்டும். பில்லைப் பார்த்து நீங்கள் பணம் அனுப்புங்கள். பணம் அவர் கை வழியாக வந்தால், பிடித்தது போக மிச்சம் வரும், கேள்வி நீங்கள் கேட்க வேண்டும். பணம் உங்களிடம் இருந்தால், ஒவ்வொரு ரூபாய்க்கும் அவர் கேட்க வேண்டும். கேட்கிற சங்கடம் அவருடையதாக மாறிவிடும். நேர்மையான ஏஜெண்ட் இதற்கு மறுப்புச் சொல்லமாட்டார். மறுப்புச் சொல்கிறவரை ஆரம்பத்திலேயே தெரிந்துகொள்வதும் லாபம்தான்.

ஏமாற்றியது தெரிந்து, கேட்டும் பதில் வரவில்லை என்றால், சேவைக் குறைபாடு என்று மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். 2 வருஷத்துக்குள் போக வேண்டும். ஆனால் என் அனுபவத்தில், தேதி போட்டு, கையெழுத்துப் போட்டு, பிரிவு எண்ணோடு போகிற ஒரு மரியாதையான கடிதமே பாதி வேலையைச் செய்துவிடுகிறது.

டீச்சர் ஒப்பந்தப்படி 60 நாள் நோட்டீஸ் கொடுத்தார். விலகும் கட்டணம் என்று ஒரு மாதக் கமிஷனையும் கொடுத்தார். ஏஜெண்ட் வைத்திருந்த 72,000 ரூபாய் அட்வான்ஸ் அவர் கணக்குக்கு வந்து சேர்ந்தது. அந்தப் பையனே தொடர்ந்து குடியிருக்கிறார். மாதம் ஐந்தாம் தேதிக்குள் 26,500 ரூபாய் நேராக வருகிறது. குழாய் ரிப்பேர் என்றால் சங்கத்தின் பிளம்பரே போகிறார், அவருக்கு டீச்சர் போனிலேயே பணம் அனுப்புகிறார். அந்தப் பையனிடம் யு.பி.ஐ. கற்றுக்கொண்டாராம். ஏஜெண்டை இப்போதும் கடைத்தெருவில் பார்த்தால் நலம் விசாரிக்கிறார். "அவன் செஞ்சது தப்பு, ஆஸ்பத்திரியில வந்து நின்னதும் நிஜம். ரெண்டும் ரெண்டு கணக்கு சார்" என்றார். அதைவிடச் சரியாக என்னால் சொல்ல முடியாது.

கேட்காத கடனும் பார்க்காத பயிரும் பாழ் என்று நம் பெரியவர்கள் சொல்லிவைத்தார்கள். கணக்குக் கேட்பது யாரையும் அவமானப்படுத்துவது இல்லை. நம் தேவைக்கான காசை நாம் எண்ணிப் பார்ப்பதுதான். ஏஜெண்டின் ஒப்பந்தம் கைக்கு வந்தால் அன்றே கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். ஒரு நாள் அவகாசம் கேளுங்கள். தனியாகப் படிக்கத் தயக்கமாக இருந்தால் ஞாயிற்றுக்கிழமை காலையில் எடுத்துக்கொண்டு வாருங்கள், சேர்ந்து படிப்போம். வரும்போது மூக்குக்கண்ணாடியை மறந்துவிடாதீர்கள். முக்கியமான வரிகளை எப்போதும் பொடி எழுத்தில்தான் போடுகிறார்கள்.